கெர்னல் செட்டிங்கைக் காரணம் சொல்லாமல் அச்சிட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பின் கணினிப் பக்கத்தில், டேட்டாபேஸ் சர்வரை வேகமாக்க லினக்ஸ் கெர்னலில் (மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் பங்கிடும் அதன் மையப் பகுதி) மாற்ற வேண்டியவை என்று ஒரு நீளமான பட்டியல் வந்திருந்தது. இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் எழுத ஒரு நாளிதழ் இடம் ஒதுக்குவதே பெரிய காரியம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் பட்டியலில் எந்த வரிக்கும் காரணம் இல்லை. எந்தக் கெர்னல் பதிப்புக்கு என்று இல்லை, எவ்வளவு ரேம் உள்ள மெஷினுக்கு என்றும் இல்லை. அப்படியே எடுத்து ஒட்டு, சர்வர் பறக்கும் என்கிற தொனி மட்டும் இருந்தது. நான் டர்பனில் டேட்டாபேஸ் பராமரிக்கும் வேலையில் இருப்பவன், இப்படி ஒட்டியதால் நின்றுபோன சர்வர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கெர்னல் செட்டிங்கை மாற்றி டேட்டாபேஸை இரண்டு மடங்கு வேகமாக்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போவார்கள். வேகம் வேண்டுமென்றால் முதலில் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இல்லாத குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியைப் பாருங்கள், தேவையில்லாமல் திறந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான கனெக்‌ஷனைப் பாருங்கள், பழைய வரிகளைத் துடைக்கும் ஆட்டோ வேக்யூம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கெர்னல் பக்கம் நாம் கை வைப்பது வேறு காரணத்துக்காக: கூட்டம் அதிகமான நாளில் சர்வர் திடீரென்று விழாமல் இருக்க, பத்து விநாடி இருபது விநாடி மூச்சு நின்றதுபோல் உறையாமல் இருக்க. இதைப் புரிந்துகொண்டால் எந்த எண்ணை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது தானாகவே பிடிபடும். உங்கள் பட்டியலில் இந்த ஒரு வாக்கியம் மேலே இருந்திருந்தால்கூட எனக்குப் பாதி மனக்குறை தீர்ந்திருக்கும்.

இங்கே ஒரு மசாலா மொத்த வியாபாரக் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் கடைகளுக்குச் சரக்கு போகிற இடம், ஆர்டர் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்தான். 32 ஜிபி ரேம் உள்ள சாதாரண மெஷின், அதில் டேட்டாபேஸின் ஷேர்ட் பஃபருக்கு (டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் பொது இடம்) 8 ஜிபி கொடுத்திருந்தார்கள், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளி நெருங்குகிறதே, எதற்கும் சர்வரைத் தயார் செய்து வைப்போம் என்று அங்கே வேலை பார்க்கும் தம்பி நல்லெண்ணத்தில் இணையத்திலிருந்து ஒரு பட்டியலை எடுத்து ஒட்டினார், ஏறக்குறைய நீங்கள் போட்டிருந்த அதே வரிகள். அதில் ஹியூஜ் பேஜ் (பெரிய துண்டாக ஒதுக்கும் மெமரி) எண்ணிக்கை 10240 என்று இருந்தது. ஓவர்கமிட் மெமரி (கையில் இருப்பதைவிட அதிக மெமரி தருவதாக ஒப்புக்கொள்ளலாமா என்பது) 2 என்று இருந்தது, ஓவர்கமிட் ரேஷியோ பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்வாப்பை (ரேம் போதாதபோது உதவ டிஸ்கில் வைக்கும் இடம்) அணைத்துவிடு என்றும் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்ததும், புதுக் கனெக்‌ஷனுக்குப் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்) உருவாக்க முடியவில்லை, மெமரி ஒதுக்க முடியவில்லை என்று லாக் முழுக்க ஒரே வரி திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. டாப் கட்டளையில் பார்த்தால் எந்தப் புராசஸும் பெரிதாக மெமரி எடுக்கவில்லை, எல்லாவற்றையும் கூட்டினாலும் கணக்கு உதைத்தது. ரேம் போதவில்லை என்று முடிவு கட்டி, கூடுதல் ரேமுக்கு விலைப்பட்டியல் வரைக்கும் வாங்கிவிட்டார்கள்.

கணக்கு இதுதான். ஒரு ஹியூஜ் பேஜ் 2 எம்பி. 10240 பேஜ் என்றால் 20 ஜிபி. அந்த எண்ணை முதலில் எழுதியவரிடம் 128 ஜிபி மெஷின் இருந்திருக்கலாம், யார் கண்டது. ஹியூஜ் பேஜ் என்று ஒதுக்கிய மெமரியை அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த புரோகிராம் மட்டும்தான் தொட முடியும், மற்ற யாருக்கும் அது கிடையாது, ஃபைல் கேஷுக்குக்கூட உதவாது. டேட்டாபேஸ் அதில் எட்டு ஜிபிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது, கிட்டத்தட்ட 12 ஜிபி யாருக்கும் பயன்படாமல் பூட்டிக் கிடந்தது. மீதி 12 ஜிபியில்தான் மெஷினின் மற்ற எல்லாம் நடந்தாக வேண்டும். அதற்கு மேல் ஓவர்கமிட் 2 வந்து உட்கார்ந்தது. இந்த நிலையில் புராசஸ்களுக்கு எவ்வளவு வாக்குக் கொடுக்கலாம் என்பதற்குக் கெர்னல் ஒரு உச்சவரம்பு வைக்கும்: ஹியூஜ் பேஜைக் கழித்தபின் மிஞ்சும் ரேமில் ரேஷியோ சதவீதம், அதோடு ஸ்வாப். ரேஷியோவை யாரும் தொடாவிட்டால் அது 50. ஸ்வாப் பூஜ்யம். ஆக, 32 ஜிபி மெஷினில் எல்லாப் புராசஸுக்கும் சேர்த்து 6 ஜிபிதான் வரம்பு! விழாமல் என்ன செய்யும்?

ஹியூஜ் பேஜை 4096க்குக் கொஞ்சம் மேலே இறக்கி, ரேஷியோவை 80 ஆக்கி, 4 ஜிபி ஸ்வாப் திரும்பக் கொடுத்ததும் அந்த வரம்பு 6 ஜிபியிலிருந்து 22 ஜிபியைத் தாண்டியது, அதே மெஷின் தீபாவளியை நிம்மதியாகக் கடந்தது. ரேம் வாங்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தம்பி மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை. காரணம் எழுதாத பட்டியல் மேல்தான் கோபம்.

ஓவர்கமிட் 2 தப்பு என்று நான் சொல்லவில்லை, அதைத் தனியாக விளக்க வேண்டும். சாதாரணமாக லினக்ஸ் கையில் இருப்பதைவிட அதிகமான மெமரியைப் புராசஸ்களுக்குத் தருவதாக ஒப்புக்கொள்ளும். கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டு அறுநூறு பேருக்குச் சமைக்கிற கணக்குத்தான், கேட்டவர்கள் எல்லோரும் முழுதாக வந்து உட்கார மாட்டார்கள் என்கிற நம்பிக்கை. பெரும்பாலான நாட்களில் அது சரியாகவே போகும். எல்லோரும் வந்துவிட்ட நாளில் கெர்னல் ஓஓஎம் கில்லர் என்பதை எழுப்பி, அதிகம் எடுப்பது யார் என்று பார்த்து ஒரு புராசஸைக் கொன்றுவிடும். போஸ்ட்கிரெஸில் இது வெறுமனே ஒரு கனெக்‌ஷன் போகிற விஷயம் இல்லை. ஒரு புராசஸ் அப்படிக் கொல்லப்பட்டால், அது பகிர்ந்த மெமரியில் எதையாவது அரைகுறையாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம் என்கிற நியாயமான சந்தேகத்தில், தாய்ப் புராசஸ் மற்ற எல்லாக் கனெக்‌ஷனையும் துண்டித்து, கிராஷ் ரிகவரி (விழுந்தபின் டேட்டாவைச் சீராக்குவது) செய்துவிட்டுத்தான் மீண்டும் கதவைத் திறக்கும். ஒருவர் ஓட்டிய மாதக் கடைசி ரிப்போர்ட் ஒன்றுக்காக மொத்த ஆபீஸும் வெளியே நிற்கும். ஓவர்கமிட் 2 வைத்தால், கெர்னல் கொல்வதற்குப் பதிலாக மெமரி இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடும், அந்த ஒரு குவெரி மட்டும் பிழையோடு முடியும், மற்றவர்கள் வேலை தொடரும். அதனால்தான் டேட்டாபேஸுக்கென்றே உள்ள மெஷினில் போஸ்ட்கிரெஸ் கையேடே இதைச் சொல்கிறது. ஆனால் ரேஷியோவையும் ஸ்வாப்பையும் கணக்குப் பார்க்காமல் 2 என்று மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் மசாலா கம்பெனியில் பார்த்தோம். ஒரே மெஷினில் ஜாவா அப்ளிகேஷனும் சேர்ந்து ஓடினால் இதை வைக்க நான் தயங்குவேன், அது வாக்கு நிறைய வாங்கிக் குறைவாகச் செலவழிக்கிற ரகம். அப்படிப்பட்ட இடத்தில் தாய்ப் புராசஸை மட்டும் ஓஓஎம் கில்லர் தொடாதபடி அதன் ஸ்கோரை மைனஸ் 1000 ஆக வைப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஹியூஜ் பேஜ் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் உண்மையாகவே பலன் தரும் செட்டிங் என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். சாதாரண மெமரி பேஜ் 4 கேபி. ஷேர்ட் பஃபர் 16 ஜிபி என்று வையுங்கள், அதில் நாற்பது லட்சத்துக்கு மேல் பேஜ் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எட்டு பைட்டில் ஒரு குறிப்பு வேண்டும், அது 32 எம்பி. இது ஒரு புராசஸுக்கு. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனிப் புராசஸ், முன்னூறு கனெக்‌ஷன் நாள் முழுக்கத் திறந்திருந்து மெல்ல மெல்ல எல்லாப் பேஜையும் தொட்டுவிட்டால், வெறும் குறிப்புக்கே ஒன்பது ஜிபிக்கு மேல் போய்விடும். டேட்டா அதில் ஒரு பைட் கிடையாது. காலையில் நன்றாக இருந்த சர்வர் சாயங்காலம் மெமரி இல்லாமல் திணறுகிறது, காரணம் தெரியவில்லை என்பவர்கள், மெம்இன்ஃபோ என்ற மெமரி விவர ஃபைலில் பேஜ் டேபிள்ஸ் என்ற வரியை ஒருமுறை பாருங்கள். 2 எம்பி பேஜாக மாற்றினால் அதே 16 ஜிபிக்கு 8192 குறிப்புதான், ஒரு புராசஸுக்கு 64 கேபி. ஒன்பது ஜிபி போகிற இடத்தில் இருபது எம்பிகூட ஆகாது.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. 16 ஜிபிக்கு 8192 பேஜ் சரியாக இருக்குமே என்று அதே எண்ணைப் போட்டால் போதாது. பகிர்ந்த மெமரியில் பஃபர் தவிர வேறு சிலவும் உண்டு, மொத்தம் 16 ஜிபியைச் சற்றுத் தாண்டும். போஸ்ட்கிரெஸில் ஹியூஜ் பேஜஸ் என்ற செட்டிங் இயல்பாக டிரை என்று இருக்கும், கிடைத்தால் எடுத்துக்கொள், கிடைக்காவிட்டால் சாதாரண பேஜுக்குப் போ என்று அர்த்தம். ஆக, ஒரு பேஜ் குறைந்தாலும் டேட்டாபேஸ் சத்தமில்லாமல் 4 கேபி பேஜில் தொடங்கிவிடும், ஒதுக்கி வைத்த 16 ஜிபி சும்மா கிடக்கும், அதற்கு மேல் இன்னொரு 16 ஜிபி எடுக்கப்படும். யாரோ ஒருவர் ஷேர்ட் பஃபரைக் கொஞ்சம் கூட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்தாலும் இதே கதிதான். அதனால் எண்ணைச் சரியாகப் பார்த்து வைத்தபின் டிரை என்பதை ஆன் என்று மாற்றிவிடுங்கள், குறைந்தால் டேட்டாபேஸ் தொடங்கவே தொடங்காது, தவறு அங்கேயே தெரிந்துவிடும். சரியான எண் எது என்பதைப் போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பிலிருந்து டேட்டாபேஸே கணக்குப் போட்டுச் சொல்கிறது, ஊகிக்கவே வேண்டாம்.

உங்கள் பட்டியலில் ஒரு வரி ஹியூஜ் பேஜை ஒதுக்கு என்றது, நாலு வரி தள்ளி இன்னொன்று ஹியூஜ் பேஜை அணை என்றது. படித்தவர்கள் குழம்பியிருப்பார்கள். இரண்டும் வேறு. அணைக்கச் சொல்வது டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ், 2011இல் 2.6.38 கெர்னலில் வந்தது. யாரும் கேட்காமலே கெர்னல் பின்னணியில் சிறிய பேஜ்களைச் சேர்த்துப் பெரிதாக்கப் பார்க்கும், அந்தச் சேர்க்கிற வேலை நேரம் கெட்ட நேரத்தில் நடந்தால் டேட்டாபேஸ் சட்டென்று உறையும். அதனால் ரெடிஸ், ஆரக்கிள், மாங்கோ டிபி எல்லாரும் அதை அணைக்கச் சொல்லிவந்தார்கள். ஆனால் 2024இல் வந்த மாங்கோ டிபி 8.0 தன் மெமரி ஒதுக்கும் முறையை மாற்றிக்கொண்டு, இப்போது அதை இயக்கச் சொல்கிறது. பத்து வருடத்துக்கு மேல் அணை என்றவர்களே இன்று இயக்கு என்கிறார்கள், பழைய பட்டியலை வைத்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

பழசு என்று வந்ததால் இதையும் சேர்த்தே சொல்கிறேன், அந்தப் பட்டியலில் கால் பங்கு வரிகளுக்கு மேல் இன்றைக்கு அர்த்தமே இல்லை. ஷேர்ட் மெமரி உச்சவரம்பைக் கூட்டச் சொன்னீர்கள். போஸ்ட்கிரெஸ் 9.3 வந்த 2013இலேயே அது அந்தப் பழைய முறையை விட்டுவிட்டது, இப்போது அதில் சில பத்து பைட்தான் எடுக்கிறது. மறு வருடம் 3.16 கெர்னலில் அந்த வரம்பும் 32 எம்பியிலிருந்து யாரும் தொட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. இன்று அந்த வரியில் 64 ஜிபி என்று எழுதினால் நீங்கள் வரம்பைக் கூட்டவில்லை, குறைக்கிறீர்கள். டிஸ்க் ஷெட்யூலரை (டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்துவது) டெட்லைன் ஆக்க பூட் வரியில் எலிவேட்டர் என்று எழுதச் சொன்னீர்கள், 2019இல் வந்த 5.0 கெர்னலில் பழைய ஷெட்யூலர்களே கிடையாது. புராசஸ்களை சிபியுக்களுக்குப் பங்கிடும் ஷெட்யூலரின் மைக்ரேஷன் காஸ்ட் என்ற வரி 5.13இலிருந்து அந்த இடத்திலேயே இல்லை, ஒட்டினால் அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று பிழை வரும். அந்தப் பிழையையும் பலர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஒரு பழைய வரி மட்டும் வெறும் வீண் இல்லை, ஆபத்து. முடிந்த நெட்வொர்க் இணைப்புகளின் இடத்தைச் சீக்கிரம் திரும்ப எடுக்கும் டிசிபி டைம் வெயிட் ரீசைக்கிளை 1 ஆக்கு என்பது. இதை வைத்தால், ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் இருந்து வருகிற பல பேரில் சிலருடைய கனெக்‌ஷனைக் கெர்னல் பழைய பாக்கெட் என்று நினைத்துப் பதில் சொல்லாமல் தூக்கிப் போட்டுவிடும். இங்கே பெரும்பாலான கடைக்காரர்கள் செல்போன் டேட்டாவில்தான் ஆர்டர் போடுகிறார்கள், ஒரு முகவரிக்குப் பின்னால் எத்தனையோ பேர். ஒருவருக்குத் திறக்கும், பக்கத்துக் கடைக்காரருக்குத் திறக்காது, அடுத்த நிமிடம் மாறும். லாக்கில் ஒன்றும் இருக்காது. 2017இல் 4.12 கெர்னலில் இதை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடுகிற ஆபீஸ்கள் இங்கே உண்டு, அதன் கெர்னல் 3.10, அங்கே இந்த வரி உயிரோடு வேலை செய்யும். சென்ட்ஓஎஸ் 7க்கு ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டது என்பது தனிக் கவலை.

சரி, ஸ்வாப்பினஸ், அதாவது கெர்னல் ஸ்வாப்பை எவ்வளவு விரும்பி எடுக்கும் என்பது. இதன் இயல்பான மதிப்பு 60, டேட்டாபேஸ் மெஷினில் குறைக்கலாம், அதில் தகராறு இல்லை. பூஜ்யம் வையுங்கள் என்று எழுதியதுதான் தகராறு. 2012இல் வந்த 3.5 கெர்னலிலிருந்து பூஜ்யத்தின் பொருள் மாறிவிட்டது, மெமரி கடைசி விளிம்புக்கு வரும் வரை ஸ்வாப்பைத் தொடவே மாட்டேன் என்று ஆகிவிட்டது, அந்த விளிம்பில் ஓஓஎம் கில்லர் முந்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. 1 வைக்கலாம், 10 வைக்கலாம். ஸ்வாப்பை முழுக்க அணைப்பதை நான் ஏற்பதில்லை, சிறிதாக ஒன்று இருக்கட்டும்.

அடுத்து வருவதுதான் எங்கள் ஊருக்கு முக்கியம். தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு லோட் ஷெடிங் என்றால் விளக்கம் தேவையில்லை. 2023இல் ஆறாம் கட்டம் (மின்வெட்டின் கடுமையைச் சொல்லும் எண்) வரைக்கும் போய், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை கரன்ட் போனது, யூபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும், நல்ல பேட்டரிகூட சீக்கிரமே செத்துப்போனது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரும்பாலும் நின்றது, 2025 தொடக்கத்தில் மறுபடி தலைகாட்டியது. அது இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது என்று சொல்லாமல் கொள்ளாமல் போவது இருக்கவே இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் படிக்கிறவர்களுக்கு, ஃபைல் சிஸ்டத்தை நோபேரியர் என்று மவுன்ட் செய்யுங்கள், வேகம் கூடும் என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டேட்டாபேஸ் ஒரு கணக்கைக் கமிட் ஆகிவிட்டது, அதாவது நிரந்தரமாகப் பதிந்தது என்று சொல்வதற்கு முன் வால் ஃபைலை (மாற்றங்களின் பதிவேடு) எழுதி, எஃப்சிங்க் என்ற அழைப்பின் மூலம் இது நிஜமாகவே டிஸ்கில் பதிந்துவிட்டதா என்று கெர்னலைக் கேட்கும். கெர்னல் டிஸ்கிடம் அதன் உள் கேஷைக் காலி செய் என்று சொல்லும், டிஸ்க் ஆயிற்று என்றபின்தான் பதில் மேலே வரும். நோபேரியர் என்றால், கேஷைக் காலி செய் என்று கேட்பதையே கெர்னல் நிறுத்திவிடும். வேகம் கூடத்தான் செய்யும், கேட்காததால். பேட்டரி பின்பலம் உள்ள ரெய்டு கார்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து இயக்கும் அட்டை) இருந்து, அந்தப் பேட்டரி உயிரோடும் இருந்தால் இது சகித்துக்கொள்ளக்கூடியது. கடைத்தெருவில் வாங்கிய சாதாரண எஸ்எஸ்டியில் இதை வைத்துவிட்டு, கரன்ட் போய் வந்தபின் டேட்டாபேஸ் திறக்கவில்லை, பேஜ் கெட்டுப்போயிருக்கிறது என்று கூப்பிட்டால் யாரால் என்ன செய்ய முடியும், பேக்கப் தவிர? இதை இங்கே யாரும் செய்யக்கூடாது.

டர்ட்டி ரேஷியோ என்ற வரியும் இதே இடத்தில் வருகிறது, ஆனால் அதில் பயம் வேறு மாதிரி. எழுதப்பட்டு இன்னும் டிஸ்குக்குப் போகாத பேஜ்கள் மெமரியில் எவ்வளவு சேரலாம் என்பதுதான் அது. பின்னணியில் எழுதத் தொடங்குவது 10 சதவீதத்தில், எழுதுகிறவர்களையே நிறுத்திவைப்பது 20 சதவீதத்தில், இவை இயல்பான மதிப்புகள். நீங்கள் 50, 80 என்று போட்டிருந்தீர்கள். இப்படி வைத்தால் கரன்ட் போகும்போது கமிட் ஆன கணக்கு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. வால் ஃபைல் ஏற்கெனவே டிஸ்கில் இருக்கிறது, எஃப்சிங்க் பொய் சொல்லாதவரை கணக்கு பத்திரம். நடப்பது வேறு. 256 ஜிபி மெஷினில் இயல்பான 10 சதவீதமே 25 ஜிபியை எட்டலாம், அவ்வளவும் சேர்ந்தபின் ஒரு செக்பாயின்ட் (மெமரியில் மாறியதை டேட்டாபேஸ் டிஸ்கில் எழுதி முடிக்கும் வேளை) வந்து இப்போதே எல்லாம் டிஸ்குக்குப் போ என்றால், டிஸ்க் வரிசை நிரம்பி, சின்ன ஒரு கமிட்கூட பின்னால் நின்று காத்திருக்கும். நிமிடக்கணக்கில் உறைவது இதனால்தான். பெரிய மெஷினில் இந்த எண்ணைக் கூட்டக்கூடாது, குறைக்க வேண்டும். அதுவும் சதவீதமாக இல்லாமல் பைட்டாக, பின்னணிக்குச் சில நூறு எம்பி, நிறுத்திவைக்க ஒன்றிரண்டு ஜிபி என்று டிஸ்கின் வேகத்தைப் பார்த்து. பைட் மதிப்பு கொடுத்தால் சதவீத மதிப்பு தானாகப் பூஜ்யம் ஆகிவிடும், பயப்பட வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 9.6இலிருந்து, அதாவது 2016இலிருந்து, செக்பாயின்ட் எழுதும்போதே அவ்வப்போது கெர்னலைத் தட்டி எழுதச் சொல்கிறது, அதனால் இந்தப் பிரச்சினை முன்பைவிடக் குறைவு. மை எஸ்க்யூஎல் இன்னோ டிபி பெரும்பாலும் ஓ டைரக்ட் முறையில் கெர்னல் கேஷைச் சுற்றிக்கொண்டு எழுதுவதால் அவர்களுக்கு இந்த வரி அவ்வளவாக ஒட்டாது. எந்த டேட்டாபேஸ் என்பதே பட்டியலில் இல்லையே!

எஃப்சிங்க் பொய் சொல்லாதவரை என்றேனே, அதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. டிஸ்கில் எழுதுவது தோற்றால் லினக்ஸ் கெர்னல் அதை ஒருமுறை சொல்லிவிட்டு, அந்தப் பேஜைச் சுத்தமானது என்று குறித்துவிடும், மறுபடி எஃப்சிங்க் கேட்டால் எல்லாம் சரி என்று பதில் வரும் என்பது 2018இல்தான் போஸ்ட்கிரெஸ் உருவாக்குபவர்களுக்கே முழுதாகத் தெரியவந்தது. 2019 பிப்ரவரிப் பதிப்புகளிலிருந்து எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றே விழுந்து, வால் ஃபைலிலிருந்து எழுந்து வருகிறது. அப்படி விழுவதை நிறுத்த ஒரு செட்டிங் இருக்கிறது என்பதற்காக அதைத் தொடாதீர்கள், டிஸ்கை மாற்றுங்கள்.

க்ளவுடில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் 2019இலும் அமேசான் 2020இலும் தென்னாப்பிரிக்காவிலேயே டேட்டா சென்டர் திறந்தபின் இங்கே பலர் அங்கே போய்விட்டார்கள். நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸ் சேவையில் இருந்தால் கெர்னல் உங்கள் கையில் இல்லை, இந்தக் கடிதத்தில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையில்லை. தனி விர்ச்சுவல் மெஷின் எடுத்து நீங்களே நிறுவியிருந்தால் மெமரி பற்றிய எல்லாம் அப்படியே பொருந்தும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே மூன்று விஷயம் போடுங்கள்: எந்தக் கெர்னலிலிருந்து, எந்த டேட்டாபேஸுக்கு, மாற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும். ஸ்வாப்பினஸ் என்றால் விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரண்டு பத்தியைப் பார், எப்போதும் பூஜ்யமாக இருந்தால் உனக்குப் பிரச்சினையே இல்லை என்று எழுதுங்கள். டர்ட்டி என்றால் மெம்இன்ஃபோவில் டர்ட்டி, ரைட்பேக் இரண்டையும், ஐஓஸ்டாட்டில் காத்திருக்கும் நேரத்தையும் செக்பாயின்ட் வேளையில் பார்க்கச் சொல்லுங்கள். ஓவர்கமிட் என்றால் அதே மெம்இன்ஃபோவில் கமிட் லிமிட், கமிட்டட் ஏஎஸ் என்ற இரண்டு வரி. பழைய மதிப்பை எழுதி வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், பத்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கெர்னல் செட்டிங்குகளுக்கான சிஸ்சிடிஎல் டாட் டி என்ற ஃபோல்டரில் தனி ஃபைலாக வைத்து, ஒவ்வொரு வரிக்கு மேலும் தேதி, யார் மாற்றியது, ஏன் என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும், அதைத் தமிழிலேயே எழுதலாம், கெர்னல் கோபித்துக்கொள்ளாது. நாலு வருடம் கழித்து அந்த வேலைக்கு வரும் பிள்ளைக்கு அந்த ஒரு வரிக் குறிப்பு எவ்வளவு உதவும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பட்டியலில் இல்லாமல் போன ஒன்றும் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் பயனர் நுழைவை நிர்வகிக்கும் சிஸ்டம்டி லாகின்டியில் ரிமூவ் ஐபிசி என்ற செட்டிங். போஸ்ட்கிரெஸைச் சாதாரணப் பயனர் கணக்கில் நிறுவியிருந்து, அந்தக் கணக்கில் யாராவது நுழைந்துவிட்டு வெளியேறினால், அவர் போகும்போது டேட்டாபேஸ் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பகிர்ந்த மெமரியையும் சிஸ்டம்டி துடைத்துவிடும். இதை நோ என்று வைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூஷனின் பேக்கேஜிலிருந்து நிறுவியவர்களுக்கு இந்தத் தொல்லை வராது, சோர்ஸிலிருந்து கட்டியவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பட்டியலைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள், குறைந்தபட்சம் நோபேரியர், டைம் வெயிட் ரீசைக்கிள், ரேஷியோ இல்லாத ஓவர்கமிட் 2 ஆகிய மூன்றையும் திரும்பப் பெறுவதாக அடுத்த ஞாயிறே ஒரு சிறு அறிவிப்பாவது போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். திருத்திய பட்டியலைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், சன்மானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா